ஜமக்காளத்தில் உங்களுக்கும் ஓர் இடம்

கொங்கு நாட்டுச் சபைகளின் ஆயர்களுக்கும், மூப்பர்களுக்கும், பாஸ்டரேட் கமிட்டியில் இருக்கும் ஐயாமார் அம்மாமாருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் ஸ்தோத்திரம்.

நான் பவானி வட்டாரத்தில் ஒரு சின்னச் சபையில் 22 வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். வேதாகமத்தில் வரும் சாமுவேல் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. சிறுவன் ஆலயத்தில் படுத்திருக்கிறான். பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டு வயதான ஆசாரியர் ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, திரும்பிப் போய்ப் படுத்துக்கொள் என்கிறார் அவர். மூன்று தடவை இப்படி. அப்புறம், "சொல்லும், அடியேன் கேட்கிறேன்." இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். ஒரு பாட்டு, மனப்பாட வசனம், சாமுவேல் முழங்காலில் நிற்கும் படத்துக்கு வர்ணம், மிட்டாய், ஜெபம். நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்திலும் கதை அங்கேதான் நின்றது.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒருத்தி வர்ணப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்புறம் ஆண்டவரு சாமுவேல்கிட்ட என்னங்க டீச்சர் சொன்னாரு?"

கேட்கிறேன் என்று சொன்ன பிள்ளையிடம் ஆண்டவர் என்னதான் சொன்னார் என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்க நான் நேரம் விட்டதும் இல்லை.

"ஏலியோட வீட்டுக்குத் தண்டனை வரப்போகுதுன்னு சொன்னாரு கண்ணு. அவரோட பசங்க தப்புப் பண்ணுனாங்க, அவரு அடக்கலை."

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ. அதைப் போயி அந்தத் தாத்தாகிட்டயே அவன் எப்படிங்க சொன்னான்? அவரு வையலீங்களா?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று மணி அடித்து அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தை முழுவதும் உட்கார்ந்து படித்தேன். இந்த மடல் அந்த ராத்திரியில் தொடங்கியது.

ஏலிக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது என்று அந்த அதிகாரம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. அவர் ஆசாரியர், இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவர். சாமுவேல் ஆலயத்தில் எடுபிடி வேலை செய்த பையன். விடிந்ததும் அவன் ஆலயக் கதவுகளைத் திறக்கிறான். தனக்குச் சொல்லப்பட்டதை ஏலியிடம் சொல்லப் பயப்படுகிறான். ஏலிதான் அவனைக் கூப்பிடுகிறார். மகனே என்கிறார். ஆண்டவர் சொன்னது என்ன, ஒன்றையும் மறைக்காதே என்கிறார். பையன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அதற்கு அவர் பதில்: "அவர் கர்த்தர், அவர் தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக."

ஆண்டவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று ராத்திரி அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஏலி. காலையில் அதே பையன் முன்னால் அவர் கேட்கிறவராக உட்கார்ந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரிதான்.

ஏலியை நல்லவராக்கிக் காட்ட நான் பார்க்கவில்லை. பிள்ளைகளை அடக்காத தகப்பன் அவர். சாமுவேலின் தாய் அன்னாள் மனங்கசந்து ஜெபம் பண்ணியபோது குடித்திருக்கிறாள் என்று நினைத்தவர். அவள் இல்லை என்றதும் தன் பேச்சை விட்டுவிட்டு, சமாதானத்தோடே போ என்று அனுப்பி வைத்தார். ஒரு தடவை ஒரு பெண்ணிடம், இன்னொரு தடவை ஒரு சிறுவனிடம், தான் அறியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டு இடத்திலும் வையவில்லை. அவருடைய மற்ற குறைகளை எல்லாம் படித்த பிறகும் எனக்கு அந்தக் கிழவர்மேல் பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "வையலைன்னா, அவருக்கு முன்னாடியே தெரியுமுங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். வீட்டுக்கு வந்து ஓர் அதிகாரம் பின்னால் போய்ப் பார்த்தால், இருக்கிறது. இரண்டாம் அதிகாரத்தின் கடைசியில் தேவனுடைய மனுஷன் ஒருவர் ஏலியிடம் வந்து இதே தண்டனையை ஏற்கனவே சொல்லியிருக்கிறார். பெரிய ஆள் வந்து சொன்னதைச் சின்னப் பையன் வாயால் ஏலி திரும்பக் கேட்டிருக்கிறார். இத்தனை வருடம் பாடம் எடுத்தவள் பார்க்காததை எட்டு வயதுப் பிள்ளை கேள்வியாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஐயாமாரே, நம் சபைகளில் இது எத்தனை வாரம் நடக்கிறது? பிள்ளைகள் கேட்கும்போது நாம் அங்கே இருக்கிறோமா?

ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எந்தச் சபை, யார் என்பது வேண்டாம். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஒரு கோடை விடுமுறை, விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள். மூப்பர் ஒருவர் இயேசு சீஷருடைய கால்களைக் கழுவியதைப் பற்றி நன்றாகப் பேசினார். முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "நம்ம சபையில யாருங்க யாருக்குக் காலைக் கழுவுவாங்க?" என்று கேட்டான். பத்து வயதிருக்கும். மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்; அவன் முகத்தைப் பார்த்த எனக்கு அது தெரியும். "பெரியவங்ககிட்ட எதிர்க்கேள்வி கேக்கறதா? உட்காரு" என்றார் அவர். சுற்றிலும் சிரிப்பு. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது நான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை. சபையில் முழு அங்கத்தினராகச் சேர்க்கிற திடப்படுத்தலும் எடுத்தான். இப்போது கிறிஸ்துமஸுக்கும் புது வருட ஆராதனைக்கும் மட்டும் வந்து கடைசி வரிசையில் நிற்கிறான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங் டீச்சர்" என்றான். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை.

நம் பக்கத்துப் பேச்சைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடை பழகுகிற குழந்தையைக்கூட "வாங்க சாமி, சாப்பிடலாங்களா" என்று கூப்பிடுகிறோம். வெளியூர்க்காரர்கள் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். நம் வீட்டுத் திண்ணையில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற "ங்க" சபைக்குள் வந்ததும் எங்கே போகிறது? அங்கே அவர்களுக்குக் கிடைப்பது "சத்தம் போடாதே", "பின்னாடி போ", "அம்மாகிட்டப் போ". சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள் என்ற வசனத்தைச் சுவரில் எழுதிவைத்திருக்கிற ஆலயத்துக்குள்ளேயே இப்படிப் பேசுகிறோம்.

சீஷர்கள் கப்பர்நகூமுக்குப் போன வழியில் என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். யார் பெரியவன் என்ற தர்க்கம். வீட்டுக்கு வந்ததும் ஆண்டவர் அதைக் கேட்டபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். சபைத் தேர்தல் நெருங்கும் மாதங்களில் நம் கமிட்டி அறைகளுக்கு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டே நடக்கும் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். பொருளாளர் பதவி யாருக்கு, அறுப்பின் பண்டிகையில் முன்வரிசை நாற்காலி யாருக்கு, புதுக் கட்டடத்துக் கல்வெட்டில் யார் பேர் முதலில். ஆண்டவர் அந்த வீட்டில் செய்தது இவ்வளவுதான்: ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார், பிறகு அணைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. கூப்பிட்டதும் வந்தது.

அதோடு, மத்தேயு 18-ல் "நீங்கள் மனந்திரும்பிப் பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால், பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள்" என்று அவர் சொன்னது யாரிடம்? நாம் மனந்திரும்புதலை எப்போதும் வெளியே இருக்கிறவர்களுக்குத்தான் பிரசங்கிக்கிறோம். அவர் சொன்னது வலையையும் வீட்டையும் விட்டுவிட்டு அவர் பின்னால் வந்திருந்தவர்களிடம். இன்றைய கணக்கில் மூப்பர்களிடம், ஆயர்களிடம், ஞாயிறு பள்ளி ஆசிரியைகளிடம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், ஏற்கனவே ஒரு பெரியவர் என்னிடம் சொன்னதுதான்: "பவுல் அப்போஸ்தலன் குழந்தைகளாயிராதேயுங்கள் என்கிறாரே அம்மா." ஆமாம், 1 கொரிந்தியர் 14-ல் சொல்கிறார். புத்தியில் தேறினவர்களாயிருங்கள், துர்க்குணத்தில் குழந்தைகளாயிருங்கள் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். பிள்ளைகள் எல்லாரும் தேவதூதர்கள் என்று நானும் சொல்லவில்லை. வர்ணப் பெட்டிக்காகக் கடித்துக்கொள்வார்கள், பொய் சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவன் மிட்டாயை எடுத்துத் தின்றுவிடுவார்கள். அவர்களிடம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தெரியாது என்பதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை. "பிரவேசிக்கமாட்டீர்கள்னா என்னங்க?" என்று உடனே கேட்டுவிடுவார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமம் வாயில் நுழையவில்லை என்று குறைப்படுகிறோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான், நானே எத்தனை வார்த்தைகளை அர்த்தம் தெரியாமல் ஐம்பது வருடமாகச் சொல்லிவந்திருக்கிறேன் என்று கண்டேன். புத்தியில் தேறுவதற்கும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? பன்னிரண்டு வயதில் ஆண்டவரே தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கவும் அவர்களிடம் கேள்வி கேட்கவும் செய்தார். அன்றைக்கு யாரும் எதிர்க்கேள்வி என்று அவரை அதட்டவில்லை.

என் அப்பா ஜமக்காள நெசவுக்காரர். குழித்தறியில் அவரும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் வேண்டும், ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் நாடாவுக்குள் வைக்கிற நூல் தார் சுற்றுவேன். அப்பாவுக்குக் கண்புரை விழ ஆரம்பித்த வருடம் அது. விளக்கு வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தன. ஒருநாள் சாயங்காலம், "அப்பா, பட்டை மாறிப் போச்சு" என்றேன். பெரியப்பா, சின்னப்புள்ள பேச்சைக் கேட்டு நெசவைப் பிரிக்கறதா என்று சத்தம் போட்டார். அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, என் விரலைப் பிடித்து அந்தப் பட்டைமேல் வைக்கச் சொன்னார். "எங்க அம்மணி, காட்டு." காட்டினேன். ஒரு முழத்துக்கு மேல் பிரித்தார். அன்றையக் கூலியில் அது குறைந்திருக்கும். மறுநாளிலிருந்து நாடாவை எடுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறம் கேட்டுக்கொள்வார். அவர் எந்தக் கமிட்டியிலும் இருந்ததில்லை.

நெசவு வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, அப்போஸ்தலர் 18-ல் வருகிற ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாவையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூடாரம் பண்ணுகிறவர்கள். கைத்தொழில்காரர்கள். அப்பொல்லோ அலெக்சந்திரியாவில் பிறந்த சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர். ஆனால் யோவானுடைய ஞானஸ்நானத்துக்கு மேல் அவருக்குத் தெரியாது. ஜெப ஆலயத்தில் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த இந்தத் தம்பதி, கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசாமல் அவரைத் தனியே சேர்த்துக்கொண்டு விவரமாக விளக்கினார்கள். அதற்கு அப்பொல்லோ என்ன பதில் சொன்னார் என்று லூக்கா எழுதவில்லை. அடுத்த வசனத்தில் சகோதரர்களுடைய சிபாரிசு நிருபத்தோடு அகாயாவுக்குப் புறப்படுகிறார். அங்கே விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாக இருக்கிறார். ஒரு பிரசங்கியார், கூடாரம் தைக்கிற வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுப் போனார். நம் மேடையில் பேசும் ஒருவரிடம் சபையில் இருக்கிற ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி, "ஐயா, அந்த வசனத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கலாங்களா" என்று கேட்கிற நிலை இருக்கிறதா?

நமக்கு வேதம் தமிழில் கிடைத்த கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினபோது இருபதுகளில் இருந்தார். ஜெர்மனியில் இறையியல் படித்தவர், குருப்பட்டமும் பெற்றவர். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஒரு தமிழ் உபாத்தியாயரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்களைப்போலவே விரலால் மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. நாம் இன்று பிரசங்க பீடத்தில் திறக்கிற புத்தகத்துக்கு முன்னால் அந்த மணல் இருக்கிறது.

நம் ஈரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் 1830-ல் கோயம்புத்தூரில் ஊழியம் ஆரம்பித்தது. அதன் வழியில் பின்னால் ஈரோட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் எச்.ஏ. பாப்லி. இங்கிலாந்துக்காரர். நம் ஜனங்களுக்குப் புரிகிறபடி சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டார். கதாகாலட்சேபமாகப் பாடிப் பிரசங்கித்தார். இந்திய இசையைப் பற்றி 1921-ல் அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. திருக்குறளைப் படித்து அதில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆளுகிற தேசத்திலிருந்து வந்தவர், சுருதி பிசகும்போது திருத்துவதற்கு ஒரு தமிழருக்கு இடம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். சங்கீதம் அப்படி உட்காராமல் வராது. ஈரோட்டுச் சபையார் அவரை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன். இதற்குத் தீர்மானமோ, பட்ஜெட்டோ, பயிற்சி முகாமோ வேண்டாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, உங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு கீழே உட்காருங்கள். பரிசு கொடுக்க வர வேண்டாம், வாழ்த்துரைக்கு வர வேண்டாம், வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்வையிடவும் வர வேண்டாம். பாடம் கேட்க வாருங்கள். ஆசிரியை கேள்வி கேட்டால் கை தூக்குங்கள். தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் திருத்துவார்கள், திருத்தட்டும். மனப்பாட வசனம் உங்களுக்கும் உண்டு. ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது கேட்டு, பதில் தெரியாவிட்டால், "தெரியலை கண்ணு, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள். இரண்டாவது பாதி முக்கியம், ஏனென்றால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இறையியல் கல்லூரியை முடித்துப் புதிதாக வந்திருக்கும் இளம் ஆயர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சபையார் எதிர்பார்க்கிறார்கள், அந்தப் பாரம் எனக்குப் புரிகிறது. தெரியவில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடுமோ என்ற பயமும் புரிகிறது. சீஷன் என்ற வார்த்தைக்கே கற்றுக்கொள்கிறவன் என்றுதான் அர்த்தம். அதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள். என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது ஆண்டவர் காட்டியது நுகத்தை. காங்கேயம் பக்கம் இளங்காளையைப் பழக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: பழகின மாட்டோடு ஒரே நுகத்தில் பூட்டித்தான் நடக்கவிடுவார்கள். அந்த நுகத்தை இறக்கிவைக்கிற வயது ஊழியத்தில் எப்போதாவது வருமா?

மூப்பர்களே, உங்களில் பலர் என்னைவிட மூத்தவர்கள். பலர் எனக்கு நன்மை செய்தவர்கள். இந்தச் சபைகளைக் கையில் ஒன்றுமில்லாத காலத்தில் தாங்கி நிறுத்தியவர்கள். உங்களைக் கீழே இறக்க இதை எழுதவில்லை. ஏலி தம் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் ஆண்டவருடைய வசனம் அபூர்வமாக இருந்தது என்று படிக்கிறோம். அது திரும்ப வந்தபோது விளக்குக்குப் பக்கத்தில் படுத்திருந்த பையனிடம் வந்தது. உங்கள் சபையில் இந்த ஞாயிறு அது எந்தப் பிள்ளையிடம் வரும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி காலை எட்டு மணிக்கு. ஜமக்காளம் என் அப்பா நெய்தது, ஓரம் கொஞ்சம் நைந்திருக்கிறது, ஆனால் இருபது பேர் உட்காரலாம். முழங்கால் வலி இருப்பவர்கள் சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளலாம். காலை நீட்டினால் பிள்ளைகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த மாதம் சாமுவேல் கதை மறுபடியும் வருகிறது. இந்தத் தடவை 11-ம் வசனத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். உங்கள் வேதாகமத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை,
பவானி வட்டாரம்